‘மறுத்தார்’ என்று எழுதுவதற்கு முன்

மனுவிலும் செய்தியிலும் நோட்டீஸிலும் அதிகம் அடிபடும் சொற்களில் ஒன்று ‘மறுத்தார்’. அதிகம் தவறாக விழுவதும் அதுதான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாளுக்கு மனு எழுதுகிறவர்கள், புதுச்சேரியில் சங்க நோட்டீஸ் தயாரிப்பவர்கள், உள்ளூர்ச் செய்தி அனுப்புகிறவர்கள் எல்லோருக்கும் இந்தச் சொல் தினம் தேவைப்படுகிறது. தப்பாகப் போட்டால் எதிராளியின் வக்கீல் முதலில் பிடிப்பது அந்த வரியைத்தான்.

‘மறுத்தார்’ என்று எழுதும்போது மூன்று விஷயங்களைச் சேர்த்துச் சொல்கிறோம். ஒருவர் கேட்டிருக்கிறார், அல்லது உத்தரவு போட்டிருக்கிறார். கேட்கப்பட்டவருக்கு அதைச் செய்ய வழி இருந்தது. ஆனாலும் செய்ய மாட்டேன் என்பதை அவர் வாயாலோ நடத்தையாலோ தெரியப்படுத்தினார். இதில் ஒன்று குறைந்தாலும் வேறு சொல் வேண்டும். கேட்கவே இல்லையென்றால் ‘செய்யவில்லை’. கேட்டும் அவருக்கு அதிகாரம் இல்லையென்றால் ‘இயலாது என்றார்’. கேட்டு, அதிகாரமும் இருந்து, நாளை வா, அடுத்த வாரம் வா என்று அலையவிட்டால் ‘தட்டிக்கழித்தார்’, ‘இழுத்தடித்தார்’. சம்பளம் வராத கோபத்தில் இவை எல்லாவற்றுக்கும் ‘தர மறுக்கிறார்’ என்றே எழுதிவிடுகிறார்கள். ‘நான் எப்போது மறுத்தேன், இன்னும் பில் பாஸாகவில்லை என்றுதானே சொன்னேன்’ என்று எதிர்த்தரப்பு ஒரே வரியில் தப்பித்துக்கொள்ளும்.

செய்தி எழுதுகிறவர்கள் செய்வதும் இதேதான். ஒரு தடவை போன் அடித்து, எடுக்காவிட்டால், ‘கருத்துத் தெரிவிக்க மறுத்துவிட்டார்’ என்று முடித்துவிடுகிறார்கள். அவர் குளித்துக்கொண்டிருந்திருக்கலாம். ‘தொடர்புகொள்ள முயன்றும் பதில் கிடைக்கவில்லை’ என்பதுதான் நடந்தது. போனை எடுத்து, ‘இதைப் பற்றி ஒன்றும் சொல்ல விரும்பவில்லை’ என்று அவர் சொன்ன பிறகே ‘மறுத்தார்’ வரலாம்.

எதன் பின்னால் போடுகிறோம்

இந்தச் சொல்லில் ஆபத்து அதற்கு முன்னால் நிற்கும் சொல்லில் இருக்கிறது. முன்னால் ‘செய்ய, தர, வர’ போன்ற செயவென் எச்சம் வந்தால் இணங்க மறுத்தல். முன்னால் ‘ஐ’ உருபு ஏற்ற பெயர் வந்தால் பெரும்பாலும் ‘அப்படி இல்லை’ என்று சொல்லுதல், அல்லது ‘எனக்கு வேண்டாம்’ என்று ஏற்காமல் விடுதல்.

கையெழுத்திட மறுத்தார்.
கையெழுத்தை மறுத்தார்.

முதல் வரியில் காகிதத்தில் கையெழுத்தே இல்லை. போடச் சொன்னார்கள், அவர் போடவில்லை. இரண்டாவதில் காகிதத்தில் கையெழுத்து இருக்கிறது; அது தன்னுடையது இல்லை என்கிறார். புரோநோட்டு வழக்கில் இந்த இரண்டும் இரண்டு துருவம். முதலாவதில் கடன் பத்திரமே முழுமையாகவில்லை. இரண்டாவதில் அது யார் கையெழுத்து என்பதுதான் வழக்கே. கைரேகை, கையெழுத்து நிபுணர் என்று போய் நிற்கும். ஓரிரு எழுத்து மாறியதால் மனு சொல்லும் கதையே மாறிவிடும்.

‘சம்பளத்தை மறுத்தார்’ என்பதும் இதே வகைக் குழப்பம். முதலாளி தர மறுத்தாரா, தொழிலாளி வாங்க மறுத்தாரா? ‘தர’, ‘வாங்க’ என்ற வினையைச் சேர்த்தால் சந்தேகம் தீர்ந்தது. பரிசு, விருது, பதவி இவற்றோடு மட்டும் ‘ஐ’ போட்டாலும் வாங்க மறுத்தல் என்றே எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள்; அங்கே பயமில்லை.

தலைப்பில் ‘மறுப்பு’ என்று நிறுத்தும்போது இந்த இடைஞ்சல் இன்னும் அதிகம். ‘போனஸ்: நிர்வாகம் மறுப்பு’ என்றால் போனஸ் தர மறுப்பா, போனஸ் பாக்கி என்ற புகாருக்கு மறுப்பா? இடம் பற்றாது என்று சுருக்குகிறவர்கள் ‘தர மறுப்பு’ என்று இரண்டெழுத்துக்கு இடம் ஒதுக்கினால் போதும்.

‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்ற செயப்பாட்டு வடிவம் செய்திக்கு வசதி, மனுவுக்கு விஷம். யார் மறுத்தது என்பதை அது விழுங்கிவிடுகிறது. மனுவில் பதவிப் பெயரோடு ஆளைச் சொல்லி, ‘மறுத்தார்’ என்றே முடியுங்கள்.

மனுவில் எழுதும் முறை

நம்பும்படியாக ஒரு மறுப்பைப் பதிவு செய்ய ஐந்து விவரம் வேண்டும்: யார் (பதவி), எப்போது (தேதியோடு நேரமும்), எங்கே, என்ன கேட்டோம், என்ன வார்த்தையில் மறுத்தார். ஐந்தாவதைத்தான் எல்லோரும் விடுகிறார்கள். ‘தகாத முறையில் பேசி மறுத்தார்’ என்று எழுதுவதைவிட, அவர் வாயிலிருந்து வந்த வாக்கியத்தை அப்படியே மேற்கோளில் வைப்பது பத்து மடங்கு பலம். உதாரணமாக:

‘மேற்படி தேதியில் காலை 11.20 மணிக்கு வருவாய் ஆய்வாளரிடம் வாரிசுச் சான்று விண்ணப்பத்தை நேரில் கொடுத்தேன். “பட்டா நகல் இல்லாமல் வாங்க முடியாது, எடுத்துட்டுப் போங்க” என்று கூறி விண்ணப்பத்தைப் பெற மறுத்தார். உடன் இருந்தவர்கள் இருவர் கீழே கையொப்பமிட்டுள்ளனர்.’

இங்கே ‘பெற மறுத்தார்’ என்பதைக் கவனியுங்கள். விண்ணப்பத்தை வாங்கி, பரிசீலித்து, இல்லை என்று எழுதிக் கொடுத்தால் அது ‘நிராகரித்தார்’. நிராகரித்தால் கையில் ஓர் உத்தரவு இருக்கும், அதன்மேல் மேல்முறையீடு போகலாம். கவுன்ட்டரிலேயே வாங்க மறுத்தால் கையில் ஒரு துண்டுக் காகிதமும் இருக்காது. அதனால்தான் நேரமும் சாட்சியும் வேண்டும். நீதிமன்றம் மனுவைத் தள்ளினால் ‘தள்ளுபடி’. அங்கே ‘மறுத்தது’ என்று எழுதுவது பொருந்தாது. ‘ஆட்சேபித்தார்’ என்றால் குறை சொன்னார், அவ்வளவுதான். ஆட்சேபித்துக்கொண்டே ஒருவர் கையெழுத்தும் போடலாம். உண்மையில் கையெழுத்துப் போட்டே தீர வேண்டிய நெருக்கடியில் ‘ஆட்சேபணையுடன் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதி, கீழே தேதி போடுவது முழு மறுப்பைவிடப் பல நேரம் புத்திசாலித்தனம்.

காவல் நிலையப் புகாரில் மூன்று மறுப்புகள் ஒன்றாகக் குழம்பும். புகாரை வாங்கவே மறுத்தாரா? வாங்கிக்கொண்டு மனு ரசீது தர மறுத்தாரா? ரசீதும் தந்து, வழக்குப் பதிய மறுத்தாரா? பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) பிரிவு, புகாரைப் பதிய மறுத்தால் அதன் சாரத்தை எழுதித் தபாலில் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம் என்கிறது. அங்கேயும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். அந்தக் கடிதத்தில் மூன்றில் எது நடந்தது என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் ‘புகாரை ஏற்க மறுத்தனர்’ என்று பொதுவாக எழுதினால், ‘ஏற்றுக்கொண்டு ரசீது கொடுத்திருக்கிறோமே’ என்ற பதிலோடு கோப்பு மூடப்படும்.

மறுப்பு நம் பக்கமும் குற்றமாகலாம். அதிகாரம் பெற்ற அரசு ஊழியர் கேள்வி கேட்கும்போது, சட்டப்படி பதில் சொல்லக் கடமைப்பட்டவர் பதில் சொல்ல மறுப்பது பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 214-ஆம் பிரிவில் வருகிறது. தான் கொடுத்த வாக்குமூலத்தில், சட்டம் கோரும்போது, கையெழுத்திட மறுப்பது 215. முறையாக அறிவிக்கப்பட்ட உத்தரவுக்குக் கீழ்ப்படியாமை 223; பழைய ஆட்கள் வாயில் இன்னும் பழைய சட்டத்தின் எண்ணான ‘188’ என்றே வரும். சட்டமும் முதல் இரண்டில் மறுப்பு என்றும், மூன்றாவதில் கீழ்ப்படியாமை என்றும் பிரிப்பதைப் பாருங்கள். உத்தரவு தெரிந்தும் பேசாமல் மீறினாலே கீழ்ப்படியாமை. மறுப்புக்கு ஒரு கேள்வியும், அதற்கு எதிரே ஒரு ‘மாட்டேன்’னும் வேண்டும்.

பேசாமல் இருந்தாலும் மறுப்பாகும் இடம்

மௌனத்தை மறுப்பு என்று எழுதக்கூடாது என்றோம். அதற்குச் சட்டமே வைத்த விலக்கு ஒன்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. விண்ணப்பம் கிடைத்த 30 நாளுக்குள் பொதுத் தகவல் அலுவலர் முடிவு எதுவும் சொல்லாவிட்டால், 7(2) பிரிவின்படி அவர் தகவல் தர மறுத்ததாகவே கருதப்படும். முதல் மேல்முறையீட்டில் ‘பதில் தரவில்லை’ என்று மட்டும் எழுதாமல், ‘பிரிவு 7(2)-இன்படி தகவல் மறுக்கப்பட்டதாகக் கருதப்பட வேண்டும்’ என்று எழுதுங்கள். அந்த 30 நாள் முடிந்ததிலிருந்து அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு; இரண்டாவதற்கு 90 நாள்.

இன்னொரு இடம் தபால். ஒப்புகையோடு அனுப்பிய நோட்டீஸ் திரும்பி வரும்போது உறையின் மேல் தபால்காரர் ஒரு குறிப்பு எழுதியிருப்பார். அதைப் படிக்காமல் உறையைக் கிழித்துவிடாதீர்கள். ‘வாங்க மறுத்தார்’ என்றிருந்தால் வழக்குக்கு அது நல்ல சாட்சி; நீதிமன்றச் சம்மனை அப்படி மறுத்தால், அது சேர்ப்பிக்கப்பட்டதாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ள உரிமையியல் நடைமுறைச் சட்டம் இடம் தருகிறது. ‘வீடு பூட்டியிருந்தது’, ‘ஆள் இல்லை’, ‘இடம் மாறிவிட்டார்’ என்பவை எல்லாம் மறுப்பு ஆகா. இவற்றை மனுவில் ‘நோட்டீஸைப் பெற மறுத்தார்’ என்று எழுதினால், உறையே நமக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

மாட்டேனும் முடியாதும்

பேச்சில் ‘மறுக்கிறேன்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘மாட்டேன்’ என்போம், ‘முடியாது’ என்போம். பழந்தமிழில் ‘மாட்டு’ என்பது இயலுதல். மாட்டாமை என்றால் இயலாமை. இன்று ‘வரமாட்டேன்’ என்றால் வர மனமில்லை என்று பொருள். ‘முடியாது’ இன்னும் இயலாமைதான், ஆனால் ஒருவர் முகத்துக்கு நேரே தனியாகச் சொன்னால் ‘மாட்டே’னைவிடக் கடுமை. மேலதிகாரியிடம் ‘முடியாது சார்’ என்பது சண்டை. ‘இப்ப முடியலீங்க சார்’ என்பது விண்ணப்பம். ‘முடியாது’ என்பதை ‘முடியல’ என்று ஒரு படி இறக்கி, ‘ங்க’ சேர்த்ததில் சூடு தணிந்துவிடுகிறது. யாராவது சொன்னதைப் பதிவு செய்யும்போது இந்த வித்தியாசத்தை அழிக்காதீர்கள். ‘முடியலீங்க’ என்றவரை ‘மறுத்தார்’ என்று எழுதுவது அநியாயம்.

உறவுக்குள்ளே மறுப்பு நேராக வருவதே இல்லை. கல்யாணத்துக்குக் கூப்பிடும் சித்தப்பாவிடம் ‘வரப் பாக்குறேன் சித்தப்பா’ என்றால் பாதிக்கு மேல் வராதது. கடன் கேட்டவருக்கு ‘மாசக் கடைசி, கையில இல்லைண்ணா’. தரகரிடம் ‘வீட்ல பேசிட்டுச் சொல்றேன்’. பந்தியில் ‘போதும்’ என்ற வார்த்தையை யாரும் மதிப்பதில்லை; இலைக்கு மேலே கையைக் குறுக்கே வைத்தால்தான் கரண்டி நிற்கும். இவை எல்லாம் மறுப்புகள்தான், ஆனால் எழுத்தில் ‘மறுத்தார்’ என்று போட்டால் உறவு முறிந்த மாதிரி ஆகும். ‘பிடிகொடுக்கவில்லை’, ‘நழுவினார்’ என்பவை அளவாக இருக்கும்.

உயிரில்லாதவற்றுக்கும் இந்த மாட்டேனைக் கொடுத்திருக்கிறது நம் பேச்சு. ‘பூட்டு தொறக்க மாட்டேங்குது’, ‘மோட்டார் தண்ணி ஏத்த மாட்டேங்குது’, ‘மழை விட மாட்டேங்குது’. பிரித்துப் பார்த்தால் ‘மாட்டேன் என்கிறது’: பூட்டே தன் வாயால் மாட்டேன் என்று சொல்கிற மாதிரி. ஆனால் எழுத்தில் ‘வண்டி கிளம்ப மறுக்கிறது’ என்று போட்டால் அது மொழிபெயர்ப்பு வாடை. ‘கிளம்பவில்லை’ என்றோ, பேச்சு நடையில் ‘கிளம்ப மாட்டேங்குது’, ‘மக்கர் பண்ணுது’ என்றோ எழுதுங்கள்.

எந்தச் சொல் யார் பக்கம் நிற்கிறது

ஒரே செயலுக்கு ஏழெட்டுச் சொல் இருப்பதில் ஓர் அரசியல் இருக்கிறது. அடம் என்பது குழந்தைக்கு. வயது வந்தவர் ஒரு காரணம் சொல்லி மறுக்கும்போது ‘அடம்பிடிக்கிறார்’ என்று எழுதினால் அவர் காரணத்தைக் கேட்காமலே தள்ளியாகிவிட்டது. சண்டித்தனம் என்றால் மாடுதான் நினைவுக்கு வரும். நுகத்தில் பூட்டியதும் படுத்துக்கொள்ளும் சண்டி மாட்டை ஓட்டியவர்களுக்கு அந்தச் சொல்லின் எரிச்சல் தெரியும். ‘முரண்டு பிடித்தல்’ எப்போதும் உத்தரவு போடுகிறவர் பார்வை. ‘வீம்பு’ என்றால் காரணமே இல்லை, கௌரவம்தான் என்று தீர்ப்பளிக்கிறோம். மறுபக்கம் ‘பணிய மறுத்தார்’, ‘அசைந்துகொடுக்கவில்லை’, ‘மசியவில்லை’ என்பவை மறுத்தவருக்குச் சாதகமாகத் தராசைச் சாய்க்கும். நடுவில் நிற்பது ‘இணங்க மறுத்தார்’, ‘உடன்படவில்லை’. செய்தி எழுதுகிறவருக்கு இந்த இரண்டும் பெரும்பாலான நாளுக்குப் போதும். சங்க நோட்டீஸ் எழுதுகிறவர் ‘பணிய மறுத்தோம்’ என்பதை எழுதட்டும், அது அவர் உரிமை.

புதுச்சேரியில் 1936 ஜூலை 30-இல் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேர வேலை உள்ளிட்ட கோரிக்கைகளோடு நின்ற சவானா மில் தொழிலாளர்கள்மேல் பிரெஞ்சுப் போலீஸ் சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். இதை ‘வேலை செய்ய மறுத்த தொழிலாளர்கள்’ என்று எழுதினால் தப்பில்லை போலத் தோன்றும். ஆனால் கோரிக்கையே காணாமல் போய், வேலைக்குச் சோம்பியவர்கள் என்ற நிழல் விழுகிறது. கோரிக்கை வைத்து, கூட்டாக, வேலையை நிறுத்தினால் அது ‘வேலைநிறுத்தம்’. அதற்கென்று உள்ள சொல்லை அங்கே போட வேண்டும்.

எதிர்ப்புக்கும் மறுப்புக்கும் உள்ள இடைவெளிக்குப் புதுச்சேரியை அடுத்த கீழூர் உதவும். 1954 அக்டோபர் 18-இல் அங்கே 178 மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய 170 பேர் ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. அந்த எட்டுப் பேரை ‘மறுத்தவர்கள்’ என்று எழுதுவது பிழை. அவர்கள் வாக்களித்தார்கள், எதிராக. வாக்களிக்கவே வராமல் இருந்திருந்தால்தான், அதுவும் காரணத்தைச் சொல்லிவிட்டு இருந்திருந்தால்தான், மறுத்தவர்கள். நகராட்சிக் கூட்டம், கூட்டுறவுச் சங்கப் பொதுக்குழு, குடியிருப்போர் நலச்சங்கம் எதுவானாலும் தீர்மானப் புத்தகத்தில் எதிர்த்தவர், வாக்களிக்க மறுத்தவர், வராதவர் என்று மூன்றாகப் பிரித்தே எழுத வேண்டும். மூன்றையும் ‘எதிர்ப்பு’ என்று கூட்டிப் போட்டுத் தகராறான சங்கங்கள் உண்டு.

பேனரில் எழுத

முழக்கத்துக்கு ‘மாட்டோம்’ நீளம். பழைய எதிர்மறை வினை ஒன்று கையருகே இருக்கிறது, அதுவும் கடலூர்ப் பக்கம் ஓடும் கெடில ஆற்றங்கரைக்கே உரியது. திருவதிகையில் சைவத்துக்குத் திரும்பிய திருநாவுக்கரசர், பல்லவ மன்னன் ஆளனுப்பி அழைத்தபோது வரமறுத்துப் பாடியதாகப் பெரியபுராணம் சொல்லும் பதிகம் ‘நாமார்க்கும் குடியல்லோம் நமனை அஞ்சோம்’ என்று தொடங்கும். ‘அஞ்சோம்’ என்பதில் இல்லை, மாட்டு எதுவும் கிடையாது. அஞ்சு என்ற வினையோடு ஓம் விகுதி நேராக ஒட்டுகிறது. கால இடைநிலை இல்லாததால் அஞ்சவில்லை, அஞ்சுவதில்லை, அஞ்ச மாட்டோம் மூன்றும் அதிலேயே அடங்கும். ‘பணியோம்’, ‘இணங்கோம்’, ‘ஏற்கோம்’ எல்லாம் இந்த அச்சுதான்.

இரண்டு வினையில் மட்டும் இதைத் தொடாதீர்கள்: வா, தா. இலக்கணப்படி ‘வாரோம்’ என்றால் வரமாட்டோம், ‘தாரோம்’ என்றால் தரமாட்டோம். தெருவில் நின்று படிக்கிறவருக்கோ ‘வாரோம்’ என்றால் வருகிறோம். ‘நிலம் தாரோம்’ என்று துணியில் எழுதிக் கட்டினால், பாதிப் பேர் நிலத்தைத் தருவதாகப் படிப்பார்கள். அங்கே நீளமானாலும் ‘தரமாட்டோம்’ என்றே எழுதுங்கள்.

ஒற்றும் இடைவெளியும்

‘தர மறுத்தார்’, ‘வர மறுத்தார்’: இங்கே ஒற்று மிகாது, அடுத்து வருவது ம. ‘மறுப்புத் தெரிவித்தார்’, ‘மறுத்துப் பேசினார்’, ‘மறுத்துக் கூறினார்’: மூன்றிலும் ஒற்று மிகும், ‘மறுப்பு தெரிவித்தார்’ என்பதுதான் இன்று அதிகம் அச்சேறும் பிழை. ‘மறுத்துவிட்டார்’ சேர்த்தே எழுத வேண்டும்; பிரித்தால் ‘விட்டார்’ தனி வினையாக நின்று, மறுத்துப் பிறகு எதையோ விட்டார் என்று படிக்க இடம் கொடுக்கும்.

‘மறுக்கவில்லை’ என்பதை ‘ஒப்புக்கொண்டார்’ என்று மாற்றி எழுதாதீர்கள். விசாரணையில் வாயைத் திறக்காதவரும் மறுக்கவில்லைதான். அப்படிப்பட்ட இடத்தில் ‘மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை’ என்று இரண்டையும் எழுதிவிடுவது வழக்கம். ‘மறுதலித்தார்’ வேதாகமத் தமிழிலும் வாதுரையிலும் இயல்பாக நிற்கும், ஆனால் அங்கே அதன் பொருள் ‘தெரியாது’, ‘இல்லை’ என்று சொல்லிக் கைவிடுதல்; ரேஷன் கடையில் பில் தராதவருக்கு அது பொருந்தாது. முன்னால் நின்று சொல்லைக் கெடுக்கும் ‘மறு’வும் உண்டு: ‘மறு உத்தரவு’ என்றால் அடுத்த உத்தரவு, ‘உத்தரவு மறுப்பு’ என்றால் வேறு. சுற்றறிக்கையில் ‘மறு உத்தரவு வரும் வரை’ என்பதை யாரும் தப்பாகப் படிக்க மாட்டார்கள். ‘மறு அனுமதி’ என்று எழுதினால் இரண்டாவது அனுமதியா, அனுமதி இல்லையா என்று வாசலில் நிற்கும் காவலாளியே கேட்பார். ‘மீண்டும் அனுமதி’ என்று எழுதுங்கள்.